அடோபோ (பிலிப்பைன்ஸ் உணவு)

அடோபோ என்பது இறைச்சி, மீன் அல்லது காய்கறியைப் புளிங்காடி (வினிகர்), பூண்டு, மிளகு ஆகியவற்றுடன் உப்போ சோயா சாஸோ சேர்த்து வேகவைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல் முறையாகும். இம்முறையில் சமைத்த உணவும் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. இதனைப் பிலிப்பைன்ஸின் தேசிய உணவு எனப் பலர் குறிப்பிடுவர். ஆயினும் இது சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஒன்றன்று. ஒரே பாத்திரத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதைச் சமைத்துவிடலாம்.

பெயரும் தோற்றமும்

பெயர் எசுப்பானிய மொழிக்கு உரியது. சமையல் முறை அதற்கும் முந்தையது. ஊறவைத்தல், மசாலையிடுதல் என்னும் பொருளுடைய 'அடோபார்' என்ற எசுப்பானிய வினைச்சொல்லில் இருந்து இப்பெயர் வந்தது. பிலிப்பைன்ஸில் எசுப்பானியக் குடியேற்ற ஆட்சி 1565 இல் தொடங்கியது. 1613 இல் பெத்ரோ டி சான் புவெனவெந்தூரா என்ற பிரான்சிஸ்கன் துறவி வெளியிட்ட தகலோகு அகராதியில் 'உள்நாட்டவரின் அடோபோ' என்ற பொருளில் ஒரு பதிவு உள்ளது. தம் நாட்டு உணவை ஒத்த, ஆனால் அதனின் வேறான ஒன்றை அவர் கண்டார் என்பதற்கு அத்தொடரே சான்று.

எசுப்பானியாவிலும் மெக்சிக்கோவிலும் இதே பெயரில் வேறு உணவுகள் உண்டு. மெக்சிக்கோ அடோபோ மிளகாய் விழுதை அடிப்படையாகக் கொண்டது. சமையல் நூல்களைப் பார்ப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

சோயா சாஸ் சீன வணிகர்கள் வழியாக வந்தது. அதற்குரிய 'தோயோ' என்ற பிலிப்பைன்ஸ் பெயரும் ஹொக்கியன் சீன மொழியில் இருந்து பெறப்பட்டதே. இன்று பெரும்பாலான வீடுகளில் காணப்படும் கரும்பழுப்பு நிற அடோபோ இதன் விளைவாகும். சோயா சாஸ் இன்றி உப்பு மட்டும் சேர்க்கும் 'வெள்ளை அடோபோ' (அடோபோங் புத்தி) பழைய வடிவத்திற்கு நெருக்கமானது.

வினிகரின் பணி

இவ்வுணவில் சுவைக்காக மட்டும் வினிகர் சேர்க்கப்படுவதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க தீவுகளில் இறைச்சி விரைவில் கெட்டுவிடும். சாதாரண வினிகரில் 4 முதல் 5 விழுக்காடு வரை அசிட்டிக் அமிலம் உள்ளது. அமிலத்தன்மை கூடும்போது உணவைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைப்படுகிறது. உப்பு இதற்குத் துணை செய்கிறது. மீனை வினிகரில் வேகவைக்கும் 'பக்சிவ்', பச்சை மீனை வினிகரில் ஊறவைக்கும் 'கினிலாவ்' ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அடோபோவைச் சில நாட்கள் வெளியில் வைத்திருந்து உண்டனர். இன்று அவ்வாறு செய்யத் தேவையில்லை. மிஞ்சியதைக் குளிரூட்டி மூன்று, நான்கு நாட்களுக்குள் உண்பதே பாதுகாப்பானது. மறுநாள் சுவை கூடும் என்பது சமைப்போர் பலரின் கருத்து. இக்கட்டுரையாளருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

தென்னங்கள், கரும்புச் சாறு, நிப்பா பனையின் பதநீர் ஆகியவற்றில் இருந்து அங்கு வினிகர் செய்யப்படுகிறது. இலங்கையில் விற்கப்படும் தென்னங்கள் வினாகிரி இவற்றுள் முதலாவதை ஒத்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகர் நீர்த்த அசிட்டிக் அமிலமே என்பதால் காரமான நெடி உடையது. அதைப் பயன்படுத்துவோர் அளவைச் சற்றுக் குறைக்கலாம்.

வட்டார வகைகள்

பிகோல் பகுதியில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ப்பர். பத்தங்காஸ் மாகாணத்தில் சோயா சாஸுக்கு மாற்றாக மஞ்சள் இடுவதுண்டு. கணவாய் அடோபோவில் அதன் மையே கருநிறத்தைத் தருகிறது. வள்ளைக்கீரை (கங்கோங்), காராமணிக்காய் ஆகியவற்றிலும் அடோபோ செய்யப்படுகிறது.

2021 சர்ச்சை

2021 சூலையில் பிலிப்பைன்ஸ் வணிக, தொழில் துறையின் தர நிர்ணயப் பிரிவு, அடோபோ முதலிய உணவுகளின் செய்முறைக்குத் தரநிலை வகுக்கப்போவதாக அறிவித்தது. வீட்டுக்கு வீடு மாறும் உணவுக்கு அரசு அளவு குறிப்பதா எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இத்தரநிலை கட்டாயமானதன்று என்றும், வீட்டுச் சமையலைக் கட்டுப்படுத்தாது என்றும் அத்துறை விளக்கம் அளிக்க நேர்ந்தது.

எளிய செய்முறை (கோழி அடோபோ, நால்வருக்கு)

தேவையானவை: எலும்புடன் கூடிய கோழித் துண்டுகள் 1 கிலோ, வினிகர் 120 மி.லி., சோயா சாஸ் 120 மி.லி., தட்டிய பூண்டுப் பற்கள் 8, முழு மிளகு 1 தேக்கரண்டி, பே இலை 3, தண்ணீர் 1 கோப்பை, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. நம் கடைகளின் பிரிஞ்சி இலை வேறு தாவரத்தினுடையது. கருவாப்பட்டை மணம் தரும். கிடைக்காவிடில் இலையை விட்டுவிடுவது நல்லது.

எண்ணெயில் கோழியைப் பொன்னிறமாக வறுத்துப் பூண்டைச் சேர்த்து வதக்கவும். மற்றவற்றை ஊற்றிக் கொதிக்கவிடவும். வினிகர் கொதிக்கும் முன் கிளறக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். நெடி ஆவியாகப் பாத்திரத்தை முதல் பத்து நிமிடங்கள் மூடாமல் வைக்க வேண்டும். பின்னர் மூடி, சிறுதீயில் 25 நிமிடங்கள் வேகவைத்து, இறுதியில் திறந்து சாற்றை வற்றவிடவும். சோயா சாஸிலேயே உப்பு மிகுதி. ஆகவே தனியே உப்பு இட வேண்டியதில்லை.

அலுமினியம் வினிகரோடு வினைபுரியும் என்பதால் மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. சுடுசோற்றுடன் பரிமாறப்படும். சைவ உணவினர் கோழிக்கு மாற்றாகக் காளானைப் பயன்படுத்தலாம்; அப்போது தண்ணீர் தேவையில்லை, 15 நிமிடங்களே போதும், வினிகரையும் சோயா சாஸையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.