பலகையில் விடலாம், குழாயில் விடக்கூடாது

நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் வந்த மின்னணு ஆலைகளால், சால்டரிங் இந்த வட்டாரத்து இளைஞர்கள் பலருக்குப் பழகிய வேலையாயிற்று. அதே கைகள் வீட்டில் சோலார் ஹீட்டரின் செம்புக் குழாயையும் ஒட்டுகின்றன. இரண்டிலும் ஃப்ளக்ஸ் உண்டு. ஒட்டி முடித்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸை என்ன செய்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இரண்டிலும் ஃப்ளக்ஸின் வேலை ஒன்றே. செம்பின்மேல் படிந்த ஆக்சைடை அது கரைத்தால்தான் உருகிய ஈயப்பற்று பரவிப் பிடிக்கும். எந்தப் பொருள் அதைக் கரைக்கிறது என்பதே வேறுபாடு.

மின்சுற்றுப் பலகைக்கான ஃப்ளக்ஸில் பைன் மரப் பிசினும், அடிபிக் அமிலம் போன்ற மென்மையான கரிம அமிலமும் இருக்கும். சூட்டில் அமிலத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீதியைப் பிசின் இறுகி மூடிக்கொள்ளும். முன்பு பலகைகளை சி.எஃப்.சி. கரைப்பான்களால் கழுவினார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபின், கழுவத் தேவையில்லாத ‘நோ-கிளீன்’ ஃப்ளக்ஸ் பரவியது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கையால் பழுது பார்க்கும்போது சூடு படாத இடத்துக்கு ஓடிய ஃப்ளக்ஸ் வீரியம் குறையாமல் இருக்கும்; ஈரக்காற்றில் மின்கசிவு உண்டாக்கும். அதைக் கரைப்பானால் துடைக்கத்தான் வேண்டும்.

குழாய்க்கான பசையில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தூவும் நவச்சாரமும் வாசலினில் குழைக்கப்பட்டிருக்கும். குளோரைடு ஈரத்தை இழுத்துச் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே பச்சை படியும். உள்ளே குழி விழும். இன்னொரு ஆபத்தும் உண்டு: இறுகிய ஃப்ளக்ஸ் ஊசித்துளையை அடைத்து, அழுத்தச் சோதனையில் கசிவை மறைத்துவிடும்.

பசை எண்ணெய்ப் பிசுக்குள்ளது. பச்சைத் தண்ணீருக்கு அசையாது. பற்று இறுகியதும், குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்புக் கலந்த வெந்நீரால் தேய்த்து அலச வேண்டும். உட்புறத்தில் தண்ணீரை வேகமாக ஓடவிட வேண்டும். குழாய் முனையின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசினால் உள்ளே போவதே குறையும்.

ஏ.சி., ஃப்ரிட்ஜ் குழாய்களை இன்னும் அதிகச் சூட்டில் ஒட்டும் பிரேசிங் வேறு வகை. வெங்காரம் கலந்த ஃப்ளக்ஸ் கண்ணாடிபோல இறுகும்; வெந்நீரும் கம்பி பிரஷ்ஷும் வேண்டும். கேஸ் ஓடும் பாதைக்குள் தண்ணீர் விட முடியாது. ஆகவே செம்போடு செம்பை ஒட்டும்போது பாஸ்பரஸ் கலந்த கம்பியே நல்லது. அதற்கு ஃப்ளக்ஸே தேவையில்லை.

ஆலையில் பழகிய ‘கழுவ வேண்டாம்’ என்ற விதி, அந்த ஃப்ளக்ஸுக்கும் அந்தப் பலகைக்கும் உரியது. அதை வீட்டுக் குழாய்க்குக் கொண்டுவராதீர்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். குளோரைடு என்று கண்டால் துடைக்காமல் எழுந்திருக்காதீர்கள்.