ஒரே மனிதர், இரண்டு சொற்கள்



தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் வழித்தோன்றல்களே என் மாணவர்களுள் பலர். குடும்ப வரலாற்றை எழுதி வருமாறு அண்மையில் பணித்திருந்தேன். “ஐயா, என் பூட்டனாரைப் போன்றவர்களை ஓரிடத்தில் ‘எமிக்ரண்ட்’ என்கிறார்கள், மற்றோரிடத்தில் ‘இம்மிக்ரண்ட்’ என்கிறார்கள். எது எழுத்துப்பிழை?” என்று ஒரு மாணவி வினவினாள்.

இரண்டும் பிழையல்ல. இடம்பெயர்தலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரினின்று பிறந்தவை அவை. முன்னது வெளியேறுபவரையும் பின்னது உள்ளே வருபவரையும் குறிக்கும். தமிழில் இக்குழப்பமே இல்லை. குடிபெயர்ந்தவர், குடியேறியவர் என்று தெளிவாகவே சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவள் பூட்டனார் எமிக்ரண்ட். பினாங்கில் இறங்கியபோது இம்மிக்ரண்ட். (இங்கே வந்தவருக்கு ‘இ’ என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.)

ஆயினும் இச்சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பினாங்கும், அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட நம் செபராங் பிறையும் 1867 வரை பிரிட்டிஷ் இந்திய அரசின் ஆளுகையில் இருந்தன. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் கடல் கடந்தாலும் அதே அரசின் எல்லைக்குள்ளேயே இருந்தனர். 1867 ஏப்ரல் 1-ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் தனிக் காலனியாயின. அதே கடல், அதே கப்பல். பயணமோ வெளிநாட்டுப் பயணமாயிற்று! இந்தியச் சட்டம் அனுமதித்த நாடுகளின் பட்டியலில் இப்பகுதி இல்லை என்பது 1870-இல்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது. ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டு, 1872-இல் சட்டத்தின் வழி மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அதன்பின் இங்குள்ள அரசு 1876-இல் இயற்றிய சட்டம் அவர்களை இம்மிக்ரண்ட் என்றது. மறு ஆண்டு இந்திய அரசு இயற்றிய சட்டம் எமிக்ரண்ட் என்றது. யார் பேசுகிறார் என்பதைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. 1907-இல் தோட்ட முதலாளிகளின் பங்களிப்பில் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, வருகையைக் குறிக்கும் சொல்லையே பெயரில் கொண்டது. ஆள் வேண்டியவர்கள் அவர்களல்லவா? இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுச் சட்டமோ வெளியேறுதலைக் குறித்தது. 1938-இல் உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்தியா தடை செய்தது.

தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரும் கப்பலில் வந்தவர்தாம். அவரோ ‘பிளாண்டர்’ என்றே அழைக்கப்பட்டார். இன்று அத்தகையோருக்கு ‘எக்ஸ்பேட்ரியேட்’ என்ற மதிப்பான சொல் இருக்கிறது.

இவ்வரிசையில் என்னை வருத்துவது ‘ரிபேட்ரியேட்’. தாயகம் திரும்புதல் என்பது அதன் பொருள். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்களுள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தனர். அவர்கள் எந்தத் தாயகத்திற்குத் திரும்பினார்கள்?

“அப்படியானால் நான் யார், ஐயா?” என்று அம்மாணவி கேட்டாள். “இவற்றுள் எதுவும் நீயில்லை, நீ இந்நாட்டுக் குடிமகள்” என்றேன்.

தங்கள் இல்லங்களில் பழைய கடப்பிதழோ கப்பல் பயணச் சீட்டோ இருப்பின், அதில் எச்சொல் உள்ளதெனப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள்.