தாமதகதி: சில சண்டைகள்

1984 மார்ச்சில் வெளிவந்த ‘மை வார்’ என்ற இசைத்தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பிப் போட்டவர்களில் பலர், தாங்கள் ஏமாற்றப்பட்டுவிட்டதாகவே நினைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய கடலோரத்திலிருந்து கிளம்பிய ‘ப்ளாக் ஃப்ளாக்’ குழுவின் தட்டு அது. ஹார்ட்கோர் பங்க் என்று பெயர் பெற்ற வேகப் பாட்டுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 1979-இல் அவர்கள் போட்ட முதல் சிறு தட்டில் நான்கு பாட்டுகள். நான்கும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அதே குழு (ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கிதார்க்காரர் க்ரெக் கின் மட்டும் மாறவில்லை) ஐந்து வருஷம் கழித்து ஒரு பக்கம் முழுவதற்கும் மூன்றே பாட்டுகள் வைத்தது. ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். ஒவ்வொன்றும் சேற்றில் கால் புதைந்த மாடு மாதிரி நகர்வது.

ரசிகர்களின் கோபத்தை அற்பமென்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தள்ளத் தோன்றவில்லை. வேகம் அவர்களுக்கு வெறும் ருசி அல்ல. வானொலியும் பெரிய கம்பெனிகளும் கட்டி வைத்திருந்த நீண்ட கிதார் ஜாலங்களுக்கு எதிராக அவர்கள் கண்டுகொண்ட ஒரே ஆயுதம் அதுதான். நீளமும் மந்தமும் எதிரியின் குணங்கள். இப்போது தம்முடைய ஆட்களே தலைமுடியை நீள வளர்த்துக்கொண்டு, பாட்டையும் நீட்டினால் என்ன அர்த்தம்? ‘ப்ளாக் சப்பாத்’ மாதிரி ஆகிவிட்டார்கள் என்பதுதான் குற்றப்பத்திரிகை. பங்க் உலகத்தில் அது வசவு. கின் இதற்கெல்லாம் பதில் சொல்லிக் கொண்டிருந்தவர் அல்ல. ஒரு கம்பெனியோடு ஏற்பட்ட வழக்கினால் தன் குழுவின் பெயரில் எதையும் வெளியிட முடியாமல் கிடந்த காலம் முழுக்க, அவர் ஒத்திகை செய்துகொண்டே இருந்தார். வேகமான பாட்டுகளைக்கூட மெதுவாக வாசிக்க வைத்து ஆட்களைப் பழக்கினார். பேஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது, ‘டேல் நிக்ஸன்’ என்று ஒரு கற்பனைப் பெயரில் அதையும் அவரே வாசித்துப் பதிவு செய்தார். அந்த இரண்டாம் பக்கம் தற்செயலாக நேர்ந்த தள்ளாட்டம் இல்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

வசவாகச் சொல்லப்பட்ட அந்தப் பெயருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி. டோனி ஐயோமி தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்த 17 வயதுப் பையன். ஒரு குழுவோடு வெளியூர் வாசிக்கப் போவதற்காக வேலையை விட்டுவிட்ட நிலையில், கடைசி நாளன்று யந்திரம் அவனுடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் கொண்டு போயிற்று. இடக்கைக்காரன் ஆகையால் தந்தியை அழுத்த வேண்டிய கை வலக்கை. ஆலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். 1928-இல் தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு முடங்கிப்போன பிறகும் வாசித்தவர் அந்த நாடோடிக் கலைஞர். ஐயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறைகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டான். கனத்த தந்திகளை அழுத்தினால் வலி. ஆகவே பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை மாட்டினான். 1971-இல் வந்த மூன்றாவது தட்டில் சுருதியையே ஒன்றரை ஸ்வரம் கீழே இறக்கிவிட்டார்கள். தந்தி தளர்ந்தது; நாதம் தாழ்ந்து தடித்தது. பின்னால் வந்தவர்கள் அழகியல் என்று கைக்கொண்ட இந்தத் தாழ்ந்த சுருதி, முதலில் ஒரு ஊனமுற்ற தொழிலாளியின் சமாளிப்பாகத்தான் ஆரம்பித்தது.

இந்த இடத்தில் வழக்கமாக இன்னொரு வியாக்யானமும் சொல்வார்கள்: ஆலைச் சம்மட்டிச் சத்தமே இசையாயிற்று என்று. ஐயோமியின் கூட்டாளிகளே பேட்டிகளில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சௌகரியமான வியாக்யானம், ஆகவே எனக்குச் சந்தேகம். அதே பர்மிங்ஹாமிலிருந்து ‘மூடி ப்ளூஸ்’ வந்தது, ‘மூவ்’ வந்தது. அவர்கள் காதிலும் அதே சம்மட்டிதான் விழுந்திருக்கும். அவர்கள் இனிமையாகப் பாடினார்கள். சூழ்நிலையிலிருந்து கலைக்கு நேர்க்கோடு போடுகிறவர்கள் எந்த ஊரிலும் குறைவில்லை. விரல் நுனி போனது ஸ்தூலமான விஷயம். அதிலிருந்து தந்தியின் தளர்ச்சிக்குக் கோடு போடலாம். அதற்கு மேல் போட எனக்குத் தைரியமில்லை.

குழுவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தப் பாட்டு 1969 அக்டோபரில், மற்றப் பாட்டுகளோடு சேர்த்து லண்டனில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பெயர், மாரியோ பாவாவின் 1963-ஆம் வருஷத்துப் பேய்ப்படத்தின் ஆங்கிலத் தலைப்பிலிருந்து எடுத்தது. அதற்கு முன் அவர்களுக்கு ‘எர்த்’ என்று பெயர். பேஸ் வாசித்த கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட்டின் ‘கிரகங்கள்’ தொகுதியில் செவ்வாய்க்கான பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ஐயோமி அதிலிருந்து மூன்றே ஸ்வரங்கள் கொண்ட ஒன்றைக் கட்டினார். ஆதார ஸ்வரம், அதன் மேல் ஸ்தாயி, பிறகு இரண்டுக்கும் நடுவில் சரிபாதியில் விழும் ஒரு ஸ்வரத்தில் நடுக்கம். அவ்வளவுதான்.

நடுவில் விழும் அந்த ஸ்வரத்துக்கு ‘இசையின் சாத்தான்’ என்று பெயர், மத்திய காலத் திருச்சபை அதைத் தடை செய்திருந்தது என்று பேசாத மெட்டல் ரசிகன் கிடையாது. தடை செய்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் பெயரும் 18-ஆம் நூற்றாண்டின் இலக்கண நூல்களில்தான் தென்படுகிறது. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த நண்பர் ஒருவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டு, “இது பிரதி மத்யமம்தானே ஸார், இதில் பயப்பட என்ன இருக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. எழுபத்திரண்டு மேளங்களில் பாதி, முப்பத்தாறு, அந்த மத்யமத்தை வைத்துத்தான் நடக்கிறது. கல்யாணியைக் கேட்டு யாரும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதில்லை. ஆகவே சாத்தான் ஸ்வரத்தில் இல்லை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே அவர்கள் விட்ட காலத்தில் இருக்கிறது. காந்தாரமும் பஞ்சமமும் கூட இருந்து தாங்கிக்கொள்ள வேண்டிய ஒரு ஸ்வரத்தைத் தனியாக நிறுத்திவைத்து, அது என்ன செய்யப்போகிறது என்று நம்மைக் காத்திருக்க வைத்தார்கள். (கடைசியில் பாட்டு தறிகெட்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் எனக்கு ஒரு பலவீனமாகவே படுகிறது. தாங்க முடியாமல் எழுந்து ஓடுவது கேட்பவன் செய்ய வேண்டிய காரியம்.)

விமர்சகர்களுக்கு இது காதில் ஏறவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ் ‘க்ரீம்’ குழுவின் மட்டமான நகல் என்ற தோரணையில் எழுதித் தள்ளினார். தட்டு பிரிட்டனில் எட்டாவது இடம்வரை போயிற்று; வாங்கிய பையன்கள் பாங்ஸைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் அல்ல. 1972-இல் ‘க்ரீம்’ என்றே பெயர் கொண்ட பத்திரிகையில் அதே பாங்ஸ் தன் அபிப்ராயத்தை மாற்றிக்கொண்டு நீளமாகவே எழுதினார். மாற்றிக்கொள்ளும் நேர்மை எத்தனை விமர்சகர்களுக்கு உண்டு? ஆனால் மாறிய பாங்ஸும் பிரதானமாகப் பிடித்துக்கொண்டது பாட்டு வரிகளின் அற உணர்வைத்தான். மெதுவாக இருப்பது ஒரு குறையல்ல, அதுவே விஷயம் என்று அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதைச் சொன்னவர்கள் எழுதவில்லை, வாசித்தார்கள்.

வாஷிங்டன் பக்கத்தில் ‘பென்டக்ராம்’ 1971-லேயே ஆரம்பித்து, முதல் முழுத்தட்டு போட 1985 ஆயிற்று. லாஸ் ஏஞ்சலீஸில் ‘ஸெய்ன்ட் வைடஸ்’, சப்பாத்தின் பாட்டு ஒன்றிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டவர்கள், முதல் தட்டை 1984-இல் கொண்டுவந்தார்கள். வெளியிட்டது யார் என்பதுதான் சுவாரஸ்யம்: ‘மை வார்’ வந்த அதே எஸ்எஸ்டி, கின்னின் சொந்த நிறுவனம். ஆகவே இவர்கள் பங்க் கூட்டத்தின் முன் வாசிக்க நேர்ந்தது. அங்கே எச்சிலும் கூச்சலும்தான் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ‘கேன்டில்மாஸ்’ 1986-இல் தன் முதல் தட்டுக்குப் போலி லத்தீனில் ஒரு தலைப்பு வைக்க, அதிலிருந்த ‘டூம்’ என்ற சொல் இந்த வகைக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. தட்டு விற்கவில்லை, வெளியிட்ட கம்பெனி அவர்களைக் கைவிட்டது. கைவிடப்பட்டவர்கள் வைத்த தலைப்பு ஒரு வகைமையின் பெயராக நிலைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

‘மை வார்’ இரண்டாம் பக்கத்துக்கு உண்மையான பதில் வாஷிங்டன் மாநிலத்து மரவெட்டி ஊர்களிலிருந்து வந்தது. ‘மெல்வின்ஸ்’ அதுவரை வேகமாக வாசித்துக்கொண்டிருந்த பையன்கள். அந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். 1987-இல் அவர்கள் போட்ட முதல் முழுத்தட்டு இன்று எத்தனையோ குழுக்களுக்குப் பாடப் புத்தகம். ஒரே தட்டு, ஒரு பக்கம் ஒரு கூட்டத்துக்குத் துரோகமாகவும், இன்னொரு ஊரில் நாலைந்து பேருக்கு வழியாகவும் ஆயிற்று. கோபப்பட்டவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பது உண்மைதான்.

எண்ணிக்கை என்றதும் ‘ஸ்லீப்’ ஞாபகம் வருகிறது. கலிஃபோர்னியா, ஸான் ஹோஸே ஊரின் மூன்று பேர். தொண்ணூறுகளின் நடுவில் ‘லண்டன் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெரிய கம்பெனி அவர்களைச் சேர்த்துக்கொண்டு முன்பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பெருக்கிகளும் கஞ்சாவும் வாங்கினார்கள் என்பதை அவர்களே ஒளிக்கவில்லை. ஒரே ஒரு பாட்டை எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளம். ஒரே மூச்சில் பதிவு செய்ய நாடாச் சுருள் இடம் கொடுக்காது. துண்டு துண்டாக வாசித்து ஒட்டினார்கள். வரிகளில் கதை என்று பார்த்தால் பாலைவனத்தில் ஒரு யாத்ரிகக் கூட்டம் புனித பூமியை நோக்கி நடக்கிறது, அவ்வளவே. வானொலியில் எந்தப் பகுதியைப் போடுவது? கடையில் எந்த அலமாரியில் வைப்பது? கம்பெனி வெளியிட மறுத்தது. திருத்திப் பார்த்தார்கள், பயனில்லை. குழு கலைந்தது. 1999-இல் ‘ஜெரூஸலம்’ என்ற பெயரில், 52 நிமிடமாக, ஆறு துண்டுகளாக வெளிவந்தது. 2003-இல் ‘டோப்ஸ்மோக்கர்’ என்று 63 நிமிட வடிவம் வேறொரு சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. எது அசல் என்ற சண்டையில் ரசிகர்கள் பதிப்பாசிரியர்களைப் போலப் பாடபேதம் பார்க்கிறார்கள்.

கம்பெனிக்காரரைத் திட்டுவது இங்கே வழக்கம். அவர் தன் தொழிலைச் செய்தார். என் புகார் வேறு. இந்தப் பாட்டின் புகழ் அதன் நீளத்தின் புகழாகவே தங்கிவிட்டது. ஒரு மணி நேரம் என்றதும் வியப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. அரைமணிக்குப் பிறகு அதே பத்தியில் ஒரு சிறு மாற்றம், தாளத்தில் ஒரு தட்டுத் தள்ளி வருவது, காதுக்குள் எவ்வளவு பெரிய சம்பவமாகிறது என்பதை எழுதியவர்கள் குறைவு. தாமதகதியின் நியாயமே அதுதான்: சிறியதைப் பெரிதாகக் காட்டுவது. நீளம் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. பின்னால் வந்த பலர் விலையை மட்டும் கொடுத்துவிட்டுச் சரக்கை வாங்காமலே திரும்பினார்கள்.

வாங்கித் திரும்பியவர்களில் ஒன்று, ஸியாட்டிலின் ‘பெல் விட்ச்’. இருவர் மட்டுமே, கிதார் கிடையாது, பேஸும் டிரம்மும் குரலும். டிரம் வாசித்துப் பாடிய ஏட்ரியன் கெர்ரா விலகி, 2016-இல் இறந்துபோனார். மறு வருஷம் மிஞ்சிய டிலன் டெஸ்மண்ட், புது டிரம்காரரோடு 83 நிமிடத்துக்கு ஒரே பாட்டு போட்டார். அதன் நடுவில் கெர்ராவின் குரல் வருகிறது, பழைய பதிவொன்றில் பயன்படுத்தாமல் விட்டிருந்தது. இங்கே யாரும் நிமிஷக் கணக்குக் கேட்கவில்லை. சாவு வீட்டில் கடிகாரம் பார்க்கிறவன் இருப்பான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எழுபதிலிருந்து இந்த இசை ஜோடனையாக வைத்திருந்த சாவு, நிஜமாகவே வந்து உட்கார்ந்தபோது, அதற்கு இடம் தர இந்த மந்தகதிக்குத் தெரிந்திருந்தது. சிலுவையும் மண்டையோடும் போட்ட அட்டைகளை இத்தனை வருஷம் கிண்டல் செய்தவன் நான்.

2018 ஏப்ரல் 20 அன்று, மறுபடி கூடியிருந்த ‘ஸ்லீப்’ முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு புதுத்தட்டை வெளியிட்டது. புதிது என்று சொன்னாலும், அதிலிருந்த ‘ஸானிக் டைட்டன்’ 2003-ஆம் வருஷத் தட்டிலேயே மேடைப் பதிவாக இருந்தது. பழைய பதிவுதான் உக்கிரம், புதியது கழுவித் துடைத்தது என்று ஒரு கட்சி. இப்போதுதான் பாட்டு தன் முழு எடைக்கு வந்திருக்கிறது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பழைய பதிவை மனப்பாடம் செய்திருந்தவர்களுக்கு அது முடியாது என்பதும் புரிகிறது. அதே தட்டில் கீஸர் பட்லரின் பெயரைத் திரித்து, எகிப்தின் கீஸாவோடு சேர்த்துத் தலைப்பிட்ட ஒரு பாட்டும் இருக்கிறது. வசவாக இருந்த பெயர் முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் பிரமிடு ஆகிவிட்டது.

2025 ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்கின்ஸன் நோயினால் எழுந்து நிற்க முடியாத ஆஸி ஆஸ்பர்ன் ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாளில் இறந்துபோனார். நால்வரும் வாசித்தவை நான்கு பாட்டுகள். அவற்றில் அந்த மூன்று ஸ்வரப் பாட்டு இல்லை.