செங்கண்மாவும் சாய மின்கலமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர் செங்கம். இதன் சங்ககாலப் பெயர் செங்கண்மா. இவ்வூரை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. இன்று அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதற்கு வழிவகுத்த மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம்.

அவர் தமிழாசிரியர் அல்லர்; சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் ஆய்வாளர். அவரது ஆய்வுத்துறை விலை மலிவான சூரிய மின்கலம்!

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் மின்கலத்தைக் காட்டியது. ஆனால் அதற்கு மிகத் தூய்மையான சிலிக்கான் வேண்டும். அதை உருக்கவே 1400 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை. எனவே அது முதலில் செயற்கைக்கோள்களுக்கே பயன்பட்டது.

1991-ல் லோசானில் மைக்கேல் கிரேட்செலும் பிரையன் ஓ'ரீகனும் வேறு வழி கண்டனர். வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை நுண்துகள்களாக்கிக் கண்ணாடியில் பூசி, அதன்மேல் சாயம் ஏற்றினர். இலையில் பச்சையம் செய்வதுபோல ஒளியைப் பிடிப்பது சாயத்தின் வேலை. அது விடுக்கும் எலக்ட்ரானைத் துகள்கள் கடத்திச் செல்லும். முன்பு தட்டையான பரப்பில் ஒட்டிய சாயம் மிகக் குறைவு. நுண்துகள்களால் பரப்பு பல நூறு மடங்கு பெருகியது. திறன் 7 சதவீதத்தைத் தாண்டியது.

நல்ல சாயம் ருத்தேனியம் சேர்மங்களில் கிடைத்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த நசீருத்தீனும் குழுவினரும் 1993-ல் 10 சதவீதத்தை எட்டினர். இவ்வகைச் சேர்மங்களின் ஒளிவேதியியல் பற்றி 1992-ல் நூல் எழுதிய கல்யாணசுந்தரம், 2010-ல் சாய மின்கலங்கள் பற்றிய நூலையும் தொகுத்தார்.

ஆனாலும் சாய மின்கலம் கூரைகளுக்கு வரவில்லை. உள்ளிருக்கும் அயோடின் திரவம் கசியும், ஆவியாகும். அதற்குள் சிலிக்கானின் விலையும் சரிந்துவிட்டது.

அப்படியானால் உழைப்பு வீணா? இல்லை. 2009-ல் ஜப்பானின் சுதோமு மியாசாகா குழு, சாயத்தின் இடத்தில் பெரோவ்ஸ்கைட் படிகத்தை வைத்தது. திறன் 3.8 சதவீதம்தான், திரவம் படிகத்தைக் கரைத்தது. 2012-ல் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வந்ததும் அது 10 சதவீதத்தை எட்டியது. இன்று ஆய்வுக்கூடங்களில் 26 சதவீதத்துக்கும் மேல். சிலிக்கானைப் போல உருக்க வேண்டியதில்லை, கரைசலாகப் பூசினால் போதும். ஈரப்பதத்தில் சிதைவதும், அதிலுள்ள ஈயமும் இன்னும் தீராத சிக்கல்கள்.

சாய மின்கலம் சந்தையில் தோற்றது. ஆனால் அடுத்த மின்கலம் பிறந்தது அதன் மடியில்தான். ஏட்டில் கிடந்த நன்னனின் ஊரை எல்லோருக்கும் இலவசமாக்கியவர், வெயிலையும் எளியவருக்கு மின்சாரமாக்க உழைத்தவர் என்பதைச் செங்கத்து மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.