நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்குதல்

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் காரின் பேட்டரி தானாக வலுவிழந்து, மறுமுறை ஸ்டார்ட் செய்ய முடியாமல் போவது பேட்டரி இறங்குதல் எனப்படும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஏதேனும் ஒரு மின்சுற்று தொடர்ந்து கரண்ட் இழுப்பது, பேட்டரியே சார்ஜைப் பிடித்துவைக்க முடியாமல் போவது, ஓடும்போது போதிய சார்ஜ் ஏறாதது. எதுவாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது, ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் வரும். அதனால் காரணத்தை மீட்டர் வைத்தே பிரித்தறிய வேண்டும்.

இயல்பான இழுப்பு

நின்றிருக்கும் காரிலும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஆகியவை சிறிதளவு கரண்ட் எடுக்கும். பெரும்பாலான கார்களில் 50 மில்லிஆம்பியர் வரை இயல்பானது. அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர் மணி பேட்டரி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும். அது இரண்டே நாளில் அதே பேட்டரியைப் பாதியாக்கிவிடும்.

மதுரைச் சூழல்

வெப்பம் ஏறினால் பேட்டரிக்குள் தானாக நிகழும் மின்னிழப்பும் விரைவாகும். மதுரையில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்; எஞ்சின் அறைக்குள் சூடு அதைவிடக் கூடுதல். திரவமும் வற்றி, தகடுகளும் அரித்துப்போவதால் பேட்டரியின் ஆயுள் குறைகிறது. கோரிப்பாளையத்தில் புறப்பட்டு ஏ.வி. பாலம் தாண்டிச் சிம்மக்கல் போய்த் திரும்புவது போன்ற குறும்பயணங்களில், சிக்னலில் ஏசியும் விளக்கும் ஓட நிற்கும் கார் நிறுத்தத்தில் இழந்த சார்ஜை முழுதாக மீட்பதில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு இருந்தது. மதுரை மாநகரில் ஜூன் 24 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. அப்படி வாரக்கணக்கில் நிறுத்திவைக்க நேரும்போது, பழுதே இல்லாத காரின் பேட்டரியையும் இறக்கிவிட இயல்பான இழுப்பே போதும்.

முதற்கட்ட ஆய்வு

டெர்மினல்களில் வெண்பச்சைப் பூச்சு படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்து, கிளாம்பை இறுக்கியபின் சோதனை தொடங்கும். வண்டி ஓடி நின்றவுடன் எடுக்கும் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், சில மணி நேரம் கழித்தே வோல்டேஜ் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் முழுச் சார்ஜையும், 12.2 ஏறக்குறைய பாதியையும் குறிக்கும். சார்ஜ் செய்த பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது எனலாம்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓர் இரவு விட்டுவைப்பது எளிய சோதனை. காலையில் வோல்டேஜ் குறையாமல் இருந்தால் சந்தேகம் வண்டியின் மேல் திரும்பும். வெகுவாகக் குறைந்திருந்தால் பேட்டரிதான் பழுது. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் மெக்கானிக்குகள் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

கரண்ட் லீக்கை அளத்தல்

மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை இணைக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளினால் கதவு சாத்தியிருப்பதாக வண்டி எடுத்துக்கொள்ளும். ரிமோட் சாவியைத் தள்ளி வைக்க வேண்டும். தொடக்கத்தில் சில ஆம்பியர் காட்டும் மீட்டர், கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கியதும் இறங்கும். இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு 50 மில்லிஆம்பியருக்கு மேல் நிலைத்துவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் லீக். புதிய கார்களில் ஃபியூஸை எடுத்துப் போட்டால் கணினிகள் விழித்துக்கொள்ளும்; அதனால் ஃபியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் பார்ப்பதே நல்லது. அங்கே ஏதேனும் அளவு காட்டினால் அதன் வழியே கரண்ட் ஓடுகிறது என்று பொருள். எந்த ஃபியூஸிலும் பிடிபடாத லீக், பெரும்பாலும் டைனமோவின் டையோடில் இருக்கும்.

வழக்கமான காரணங்கள்

கம்பெனி வயரிங்கைவிட, பின்னால் சேர்த்த பொருள்களே அடிக்கடி அகப்படுகின்றன. மியூசிக் சிஸ்டத்தின் மஞ்சள் வயர் நேரடி மின்சாரத்துக்கும், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரத்துக்கும் உரியவை. இரண்டையும் முறுக்கி நேரடியில் சேர்த்துவிட்டால் செட் உறங்குவதே இல்லை. டேஷ்கேமும் அலாரமும் இதே வகை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாடகைக் கார்களுக்குக் கட்டாயமான ஜிபிஎஸ் கருவியும் கார் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுப்பதால், அதன் இணைப்பையும் சோதிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட ரிலே, டிக்கி விளக்கின் சுவிட்ச், டேஷ்போர்டு பெட்டி விளக்கு ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன.

பராமரிப்பு

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்குமானால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் வர வேண்டும். இல்லையேல் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். எஞ்சினை ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவதால் இழந்த சார்ஜ் மீளாது. முழுதாக இறங்கிய நிலையில் விட்டுவைத்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, பழைய கொள்ளளவு திரும்பாமலும் போகலாம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதைப் போலவே இறங்கும்.