அரியணையும் அதிகாரமும்

மணிமுடி ஒருவர் தலையிலும் வாள் மற்றொருவர் கையிலும் இருக்குமாயின் அவ்வரசின் கதி யாதாகும்? இவ்வினாவிற்கு விஜயநகரப் பேரரசின் சரித்திரம் தெளிவான விடை பகர்கின்றது.

கி. பி. 1336 ஆம் ஆண்டளவில் துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரரும் புக்கரும் நிறுவிய அவ்வரசிலே, படைவலி மிக்கவரே அரியணையைக் கைப்பற்றும் வழக்கம் நாளடைவில் வேரூன்றியது. 1485 இல் சந்திரகிரித் தலைவராகிய சாளுவ நரசிம்மர் சங்கம மரபினரை அகற்றி முடிசூடினார். 1491 இல் அவர் மறைந்தபோது, இளமைந்தரைக் காக்கும் பொறுப்புத் தளபதி நரச நாயக்கரிடம் சென்றது. காவலரே ஆட்சியாளரானார், அவர் மைந்தர் வீரநரசிம்மர் 1505 இல் அரசராகவே அமர்ந்தார். இத்துளுவ மரபிலே தோன்றிய கிருஷ்ணதேவராயர், 1529 இல் மறையும்வரை முடியையும் வாளையும் தாமே தாங்கி நின்றார்.

அவருக்குப் பின் ஆண்ட அச்சுதராயர் 1542 இல் இறந்ததும் பழைய பிணக்கு மீண்டும் தலைதூக்கியது. அவருடைய இளமைந்தர் வேங்கடரை, தாய்மாமனாகிய சலகராஜுவே கொன்று ஆட்சியைப் பறித்தார். கிருஷ்ணதேவராயரின் மருமகராகிய இராமராயர் அவரை வென்று சதாசிவரை அரியணையில் இருத்தினார். சாசனங்கள் சதாசிவரை அரசரென்று போற்றின. படையும் பண்டாரமும் அயலுறவும் இராமராயர் கையில் இருந்தன. அயலிலிருந்த சுல்தான்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு அவர் வலிமை பெருக்கினார். அதனை அஞ்சிய பீஜப்பூர், அகமத்நகர், கோல்கொண்டா, பீடார் ஆகிய நான்கும் ஒன்றுபட்டன.

1565 ஜனவரியில் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரில் இராமராயர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அக்கணமே பெரும்படை சிதறியது. அதனை ஒன்றுதிரட்டும் ஆற்றல் பொம்மை மன்னருக்கு ஏது? இராமராயரின் தம்பி திருமலர், சதாசிவரையும் கருவூலத்தையும் பெனுகொண்டாவிற்குக் கொண்டேகினார். காவலற்ற தலைநகர் சூறையாடப்பட்டது. சில ஆண்டுகளில் திருமலர் தாமே முடிபுனைந்து ஆரவீட்டு மரபைத் தொடக்கினார். அரசு மேலும் பல்லாண்டு நிலவியதெனினும், பழைய பெருமை மீளவில்லை. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் படிப்படியாகத் தனியாட்சியை நாடினர்.

பகைவரின் ஒற்றுமையே விஜயநகரை வீழ்த்தியது என்பர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. எண்பது ஆண்டுகளில் நான்கு முறை அரியணையின் உரிமை வாள்முனையில் மாறிய நாட்டிலே, நெறி நிலைக்கவில்லை. ஆள்வோரின் ஆற்றலே நிலைத்தது. அவ்வொருவர் சாய்ந்தபோது தாங்கி நிற்க வேறு தூண் இல்லை. தனியொருவரின் திறமையை மாத்திரம் நம்பி, முறைமையைப் பேணாது விடும் எந்த அமைப்பிற்கும் இக்கதியே நேரும். இளைஞர்களாகிய நாம் ஹம்பியின் இடிபாடுகளிலே கற்கவேண்டிய பாடம் இதுவேயாம்.