திண்ணையும் சுருட்டும்

பைப்புக்குத் தமிழில் ‘சுங்கான்’ என்று நல்ல சொல் ஒன்று இருக்கு. ஆனா விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திண்ணைகளில் தாத்தாக்கள் கையில் இருந்தது சுருட்டுதான். புகையிலையைச் சுருட்டினால் சுருட்டு, அவ்வளவுதான் பெயர்க்காரணம். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது. (பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி நமக்குப் பக்கத்து ஊர் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை!)

செடி நம்முடையதில்லை, அமெரிக்காவில் பிறந்தது, போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தது. வந்ததும் சொந்தமாக்கிக்கிட்டோம். சீனிச்சக்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்புவதாக ‘புகையிலை விடு தூது’ பாடினார், உ.வே.சா. அதைப் பதிப்பித்தார். முனீஸ்வரன் படையலில் இன்றும் சுருட்டு உண்டு.

உள்ளே பத்துப் பேர் சத்தம் போடும் கூட்டுக்குடும்பத்தில், தாத்தாவுக்குக் கிடைத்த தனிமை ஒரு சுருட்டு எரியும் நேரம்தான். பாட்டிக்கு? அவங்களுக்குத் திண்ணை கிடையாது. அடுப்பு வேலை முடிந்தபின் பின்கட்டில் உட்கார்ந்து, வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை. நாம் எழுதும் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் திண்ணையோடு நின்றுவிடுகின்றன, பின்கட்டுக்குப் போவதில்லை. புற்றுநோய் மட்டும் அந்தப் பாகுபாடு பார்க்கவில்லை. புகைத்தாலும் மென்றாலும் வாய்க்குக் கேடுதான்.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை. சொந்த வீடு அதில் வராது. ஆனா அதற்குள் எங்க பக்கம் பல வீடுகளில் திண்ணையே போயிடுச்சு. அந்த இடத்தில் இப்போ பைக் நிற்குது.